எடை தூக்கக் கூடாது: எதுவரை?

எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் முன்பெல்லாம் நோயாளிகள் "நடக்கலாமா?" என்று கேட்பார்கள். அண்மைக்காலமாக "டம்பெல் தூக்கலாமா?" என்ற கேள்வியும் வருகிறது. பெரும்பாலும் அதைக் கேட்பவர் நோயாளி அல்லர். உடன் வரும் மகனோ மகளோதான். ஐந்து கிலோ டம்பெல் இரண்டு ஏற்கெனவே வாங்கப்பட்டு வீட்டில் காத்திருக்கும். சில வேளைகளில் கேள்விக்கு முன்பே தோள்வலி வந்துவிடுகிறது.

தூக்கலாம் என்பதே எங்கள் கருத்து. இதைத் தயங்காமல் சொல்லக் காரணம் உண்டு. இதற்கு நேர்மாறான அறிவுரையை மருத்துவத் துறையினராகிய நாங்களே தாராளமாக வழங்கி வந்திருக்கிறோம். வீடு திரும்பும் நாளில் கொடுக்கும் தாளில் "எடை தூக்கக் கூடாது" என்று எழுதுகிறோம். எதுவரை என்பதை எழுத மறந்துவிடுகிறோம். குடலிறக்க அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கென்று சொல்லப்பட்டதை ஏழு ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வந்த பெரியவர் ஒருவரைக் கண்டோம். அரிசிப் பையைக்கூட அவர் தொட்டதில்லை. இப்போது கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ அவரால் இயலவில்லை. அவரை முடக்கியது குடலிறக்கம் அன்று, அந்தத் தாள்.

நடுவயதுக்குப் பின் பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை கரைகிறது. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசையே. ஆகவே நீரிழிவு உள்ளவருக்கு இந்த இழப்பு இருமடங்கு கேடு. வளர்ந்தோர் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நம் பாட்டிமார்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய தேவை இருந்ததில்லை. நிறைகுடம் ஒன்று பதினைந்து கிலோ இருக்கும். அதை இடுப்பில் சுமந்தார்கள், ஆட்டுக்கல்லைச் சுற்றினார்கள். குழாய் வீட்டுக்குள் வந்தது நன்மையே; அந்தத் துன்பம் திரும்பி வர வேண்டும் என்று யாரும் விரும்பப் போவதில்லை. ஆனால் குடம் செய்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும்.

டம்பெல் உடற்பயிற்சிக் கூடத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் சரியன்று. எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1940-களில் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். போரில் காயமுற்ற வீரர்களின் கால்களுக்கு வலுவூட்டவே அதைக் கையாண்டார். 1990-இல் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி அளித்தபோது அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. வயது ஒரு தடை என்று இதற்கு மேலும் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

தடையாக இருப்பவை வேறு. நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டவர்கள் அந்த எலும்பு கூடும் வரை, பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள், காத்திருக்க வேண்டும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் எடையைத் தொடலாகாது. கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் அதை அடக்க வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்தோ முறுக்கியோ எதையும் தூக்கக் கூடாது. டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா உள்ள கைக்கு எவ்வளவு எடை என்பதைச் சிறுநீரக மருத்துவரே சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் அந்த ஐந்து கிலோவைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலிலிருந்து தொடங்கலாம். நிரப்பினால் அரைக் கிலோ. லிட்டர் பாட்டில் ஒரு கிலோ. பன்னிரண்டு முறை தூக்கிய பின்னும் இன்னும் இரண்டு மூன்று முறை தூக்க இயலும் என்று தோன்றினால் அதுவே சரியான எடை. கடைசி முறையில் முகம் கோணினால் எடை மிகுதி. வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஓய்வு. ஒவ்வொரு பயிற்சியும் முதலில் ஒரு சுற்றே போதும்.

எதைச் செய்வது என்பதில் எங்களுக்கு ஒரு சார்பு உண்டு: கால்களே முதலில். சக்கரமில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அமர்ந்து எழுவது. அது எளிதான பின் கைகளில் எடையைச் சேர்க்கலாம். புஜத்தைப் பெருக்க விரும்பும் பேரன்மார்களுக்கு இது சுவைக்காது. ஆனால் கழிவறையிலிருந்து துணையின்றி எழ உதவுவது புஜம் அன்று. முழங்கையை மடக்குவதும், எடையைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை உயர்த்துவதும் பின்னர் வரலாம். தலைக்கு மேல் தூக்குவதை முதல் மாதம் முழுவதும் விட்டுவிடுங்கள். தொடக்கநிலையினர் தோள்வலியோடு எங்களிடம் வருவது பெரும்பாலும் அதனால்தான்.

இன்னொரு காயம் பயிற்சியின்போது நேர்வதே இல்லை. தரையில் கிடக்கும் டம்பெல்லைக் குனிந்து எடுக்கும்போதும், களைத்த கையோடு திரும்ப வைக்கும்போதும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மேசை மேல் வையுங்கள். வியர்த்த கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். கால் விரலில் விழுந்த டம்பெல்லின் கதைகள் எங்களிடம் நிறைய உண்டு.

மூச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பளுவைக் கண்டதும் மூச்சை அடக்குவது மனித இயல்பு. அடக்கிய மூச்சோடு முக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. விட்டதும் இறங்கித் தலை சுற்றுகிறது. தூக்கும்போது வெளிவிட வேண்டும், இறக்கும்போது உள்ளிழுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் பலர் குழம்புகிறார்கள். அதனால் நாங்கள் வாய்விட்டு எண்ணச் சொல்கிறோம். எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க யாராலும் இயலாது. உடனிருப்பவர்கள் சேர்ந்து எண்ணலாம். "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று விரட்ட வேண்டாம்.

மறுநாள் தசையில் பரவலான வலி இருக்கும். இரண்டு மூன்று நாளில் அடங்கும். அது காயம் அன்று. தூக்கும்போதே மூட்டில் குத்தும் வலி வேறு, அன்றே நிறுத்துங்கள். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் 108-ஐ அழையுங்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும் தாமதியாமல் வாருங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் தொடங்காமல், சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, கைக்கெட்டும் இடத்தில் இனிப்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் எச்சரிக்கை வேண்டும். அதற்குள் எடை இலேசாகத் தோன்றும். தசை பருத்ததால் அன்று. இருக்கும் தசையை நரம்புகள் நன்றாக இயக்கக் கற்றுக்கொண்டதால். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்கள் அந்த வேகத்தில் வலுப்பெறுவதில்லை. "எனக்கு வந்துவிட்டது" என்று இருமடங்கு எடைக்குத் தாவுபவர்களை நான்காம் வாரத்தில் எங்கள் வாயிலில் காண்கிறோம். அடுத்தடுத்து இரண்டு நாட்பயிற்சிகளில் பன்னிரண்டு முறை எளிதாக முடிந்தால் மட்டும் அரைக் கிலோ கூட்டுங்கள்.

அடுத்த முறை வரும்போது பழைய தாளைக் கொண்டுவாருங்கள். "எடை தூக்கக் கூடாது" என்று அதில் இருந்தால், எதுவரை என்று கேட்டு, மருத்துவரின் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவர் கேட்டு வாங்கிவிட்டார். இப்போது அரை லிட்டர் பாட்டில்களோடு பயிற்சி செய்கிறார். நாற்காலியிலிருந்து எழும்போது ஒரு கையை மட்டும் இன்னும் ஊன்றுகிறார்.