எம்ஆர்என்ஏ தடுப்பூசி மரபணுவை மாற்றுமா?

கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி இது. உண்மை என்ன?

இந்த ஊசியில் வைரஸ் இல்லை. வைரஸின் மேலுள்ள முள் போன்ற புரதத்தைத் தயாரிப்பதற்கான குறிப்பு மட்டுமே, நுண்ணிய கொழுப்பு உறையில் செலுத்தப்படுகிறது. நம் செல்கள் அதைப் படித்து அப்புரதத்தைத் தயாரிக்கின்றன. அதை அந்நியப் பொருளாகக் கண்டுகொள்ளும் நோய் எதிர்ப்பு மண்டலம் ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது. டி செல்களைத் தயார்படுத்துகிறது. நினைவு செல்கள் அந்த அடையாளத்தைக் காக்கின்றன. பின்னர் உண்மையான வைரஸ் நுழைந்தால் உடல் விரைந்து எதிர்க்கிறது.

மரபணு இருப்பது செல்லின் உட்கருவில். இந்தக் குறிப்பு அங்கே நுழைவதில்லை. வேலை முடிந்ததும் சிதைந்துவிடுகிறது.

பன்றிக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற அச்சமும் நம்மவர்களிடம் இருந்தது. பன்றிப் பொருள் எதுவும் இல்லை என ஃபைசர், மாடர்னா நிறுவனங்கள் 2020லேயே தெரிவித்துவிட்டன.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (49:6). ஃபார்வேர்டு செய்யும் முன் மருத்துவரிடம் கேட்பதும் அந்த விசாரணைதான்.