நாற்பது ரூபாய் பல்பின் கணக்கு

“எல்.இ.டி. என்றால் எல்லாம் ஒன்றுதான். பெயருக்காக எதற்கு நூறும் நூற்றைம்பதும் கொடுக்க வேண்டும்? நாற்பது ரூபாய்க்கு ஒன்றை வாங்கி மாட்டினால் கரண்டும் மிச்சம், காசும் மிச்சம். போனால் இன்னொன்று.” வீட்டுக்கு பல்பு வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம் கேட்கிற வாதம் இது. பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிறது. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். 60 வாட் குண்டு பல்பை நாளுக்கு 5 மணி நேரம் எரித்தால் ஆண்டுக்கு 109 யூனிட் சொச்சம் ஆகும். அதே நேரம் 9 வாட் எல்.இ.டி. எரிந்தால் 16 யூனிட் சொச்சம்தான். யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரே பல்பில் ஆண்டுக்கு 550 ரூபாய்க்கு மேல் மீதி. எவ்வளவு மட்டமான எல்.இ.டி.யும் இந்தப் போட்டியில் குண்டு பல்பை வென்றுவிடும். ஆனால் இன்று எல்.இ.டி. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டவில்லை; பழைய எல்.இ.டி. போய்விட்டது என்று புதிய எல்.இ.டி. மாட்டுகிறார்கள். அவர்களிடம் குண்டு பல்பை வைத்துக் கணக்குச் சொல்வது, எப்போதோ வந்து சேர்ந்த மிச்சத்தை இன்னொரு தடவை வரவில் எழுதுவதாகும். நல்ல எல்.இ.டி.க்கும் மட்டமான எல்.இ.டி.க்கும் இடையே எது லாபம் என்பதே இப்போதைய கேள்வி. அந்தக் கேள்விக்கு நாற்பது ரூபாய் வாதத்திடம் பதில் இல்லை.

வாதத்தின் அடிப்படைப் பிசகு வாட்டில் தொடங்குகிறது. குண்டு பல்பு காலத்தில் 40 வாட் என்றால் மங்கல், 100 வாட் என்றால் பளிச் என்று கண்ணுக்கே பழகிப்போயிருந்தது. எல்லாக் குண்டு பல்பும் ஏறக்குறைய ஒரே திறனில் வேலை செய்ததால் அந்தக் கணிப்பு பலித்தது. எல்.இ.டி.யில் அது பலிக்காது. வாட் என்பது மாடு தின்கிற தீனி. லூமன் என்பது அது கறக்கிற பால். நல்ல 9 வாட் பல்பு 900 லூமன் அளவுக்கு வெளிச்சம் தரும், அதாவது வாட்டுக்கு 100. மட்டமான 9 வாட் பல்பு 600 லூமனோடு நின்றுவிடலாம். இரண்டும் ஒரே மின்சாரத்தைத்தான் எடுக்கின்றன, பில்லில் ஒரு பைசா வித்தியாசம் தெரியாது. அதனால் மலிவு பல்பு வாங்கியவர் தான் ஏமாறவில்லை என்றே நம்புகிறார். பிள்ளை படிக்க வெளிச்சம் போதவில்லை என்று கூடத்தில் இரண்டாவது பல்பு மாட்டும்போதும் அந்த நம்பிக்கை கலைவதில்லை. இரண்டு மலிவு பல்புக்கு 80 ரூபாய், ஒரு நல்ல பல்புக்கு 100 ரூபாய் என்றே கொள்வோம். கடையில் மிச்சம் 20 ரூபாய். கூடுதலாக எரிகிற 9 வாட்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 98 ரூபாய். இன்னொரு வேடிக்கையும் உண்டு: 9 வாட் என்று அச்சிட்ட சில மலிவு பல்புகள் உண்மையில் ஆறோ ஏழோ வாட்தான் எடுக்கும். பில் குறைகிறதே என்று வாங்கியவர் மகிழ்கிறார். பில்லோடு வெளிச்சமும் குறைந்திருக்கிறது.

“எல்லா எல்.இ.டி.யும் ஒன்றுதான்” என்பதைப் பல்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர் சொல்ல மாட்டார். உள்ளே ஓர் அலுமினியத் தகட்டின் மேல் சின்னச் சின்ன சில்லுகள், அவற்றுக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தி அனுப்பும் டிரைவர், சூட்டை வெளியே கடத்தும் உடல். செலவைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் கைவைக்கும் இடங்கள் இந்த மூன்றும்தான். இருபது சில்லு தேவைப்படும் இடத்தில் பத்தை வைத்து அவற்றின் வழியே அதிக மின்னோட்டத்தைச் செலுத்தினால், வாங்குகிற நாளில் அதே வெளிச்சம் கிடைக்கும். ஆனால் சில்லுகள் கொதிக்கும். குண்டு பல்பு தன் சூட்டைக் கதிராக வெளியே வீசிவிடும். எல்.இ.டி.யின் சூடோ தகடு, உடல் என்று உலோகத்தின் வழியே நடந்துதான் வெளியேற வேண்டும். உடலில் அலுமினியத்தைக் குறைத்து பிளாஸ்டிக்கைக் கூட்டினால் அந்தச் சூடு உள்ளேயே தங்கும். டிரைவரில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குச் சூடு ஆகவே ஆகாது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு. சித்திரை வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளத்தின் அடியில், காற்றுப் புகாத கண்ணாடிக் கிண்ணத்துக்குள் மாட்டிய பல்பின் கதியை இதிலிருந்தே ஊகிக்கலாம். சில்லுகள் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருப்பதால் ஒன்று கருகினாலே மொத்தப் பல்பும் அணைந்துவிடும்.

இதே பொருளை வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குத் துபாய் சாட்சி. 2016-இல் பிலிப்ஸ் நிறுவனம் துபாய் மாநகராட்சியோடு சேர்ந்து ஒரு பல்பைக் கொண்டுவந்தது. தந்திரம் ஒன்றுமில்லை, சில்லுகளைக் கூட்டி, ஒவ்வொன்றின் வழியே செல்லும் மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். வாட்டுக்கு 200 லூமன் கிடைத்தது. சூடு குறைந்தது, ஆயுளும் கூடும். ஒரே தொழில்நுட்பத்தின் ஒரு முனையில் இந்தப் பல்பு, மறுமுனையில் பிளாட்பாரத்து நாற்பது ரூபாய் பல்பு. இரண்டையும் எல்.இ.டி. என்ற ஒரே பெயரால் அழைப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது.

பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். நாளுக்கு 5 மணி நேரம் என்றால் அது 13 ஆண்டுக்கு மேல். அந்த எண்ணை மலிவு பல்பும் அச்சிடுகிறது, நல்ல பல்பும் அச்சிடுகிறது. சோதனைச்சாலையில் சில்லுகளைக் குறைந்தது 6,000 மணி நேரம் எரித்துப் பார்த்துவிட்டு, வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 70 சதவீதமாகத் தேய எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கால் நீட்டிச் சொல்வதே வழக்கமான முறை. அந்தச் சோதனையும் சில்லுக்குத்தான், டிரைவருக்கு இல்லை. வீடுகளில் பல்பைப் பெரும்பாலும் கொல்வதோ டிரைவர். ஆகவே பெட்டியில் நம்பத்தக்க ஆயுள் எண், தயாரிப்பாளர் தன் காசை வைத்துச் சொல்லும் ஆண்டுகள்தான்: ஒரு வருடமா, இரண்டு வருடமா உத்தரவாதம் என்பது. “போனால் இன்னொன்று” என்பவர் அந்த உத்தரவாதத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறார். நாற்பது ரூபாய் பல்பு எட்டு மாதத்துக்கு ஒன்று போகிறது என்று கொண்டால் மூன்று ஆண்டில் ஐந்து பல்பு, 200 ரூபாய். ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியதை வயதானவர்கள் இருக்கும் வீடுகள் தனியாகக் கணக்கெடுத்துக்கொள்ளட்டும்.

எதிர்வாதங்களில் வலுவானது வேறொன்று: பெரிய கம்பெனிகள் பெயருக்கு விலை வைக்கின்றன, உள்ளே இருப்பது எல்லாம் ஒரே சரக்கு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. மலிவாகவும் நன்றாகவும் பல்பு செய்ய முடியும் என்பதை இந்திய அரசே காட்டியிருக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காகப் பொதுத்துறை நிறுவனமான இ.இ.எஸ்.எல். பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. அப்படியென்றால் நாற்பது ரூபாய் பல்பு நியாயம்தானே? இல்லை. அந்த 38 ரூபாய், கோடிக்கணக்கில் வாங்குகிறவர் தரத்தை எழுதிக்கொடுத்து, மூன்றாண்டு உத்தரவாதம் கேட்டு, ஏலத்தில் போட்டியிட வைத்துக் கறாராகப் பெற்ற விலை. பிளாட்பாரத்து நாற்பது ரூபாயில் இதில் எதுவும் இல்லை. அங்கே விலை இறங்கக் காரணம் சில்லைக் குறைத்தது, பாதுகாப்புச் சோதனையைத் தவிர்த்தது, பில் போடாமல் விற்பது. எல்.இ.டி. பல்புக்கு ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பில் இல்லாத சரக்குக்கு அந்த 18 சதவீதமும் லாபம். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு விலைகள்.

2017-இல் விளக்கு உற்பத்தியாளர் சங்கமான எல்காமா, நீல்சன் நிறுவனத்தைக் கொண்டு மும்பை, ஐதராபாத், அகமதாபாத், தில்லி ஆகிய நகரங்களில் 200 கடைகளில் ஓர் ஆய்வு நடத்தியது. அங்கே கண்ட எல்.இ.டி. பல்பு பிராண்டுகளில் 76 சதவீதம் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாதவை என்று அது சொன்னது. பெரிய கம்பெனிகளின் சங்கம் எடுத்த ஆய்வு. சின்னவர்களின் சரக்கு மட்டம் என்று சொல்வதில் அவர்களுக்கு ஆதாயம் உண்டு என்பதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அதில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதி கவலைக்குரியதே. ஏனென்றால் பல பல்புகளில் டிரைவர் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கப்படுவதில்லை. சில்லுத் தகட்டுக்கும் உலோக உடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய காப்புதான் இருக்கிறது. அது சரியில்லை என்றால் பல்பைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும்.

“இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், எங்களுக்கு எதற்கு இந்த லூமன் கணக்கெல்லாம்?” என்று தமிழ்நாட்டில் ஒருவர் கேட்டால், மின்சாரத்தைப் பொறுத்தவரை அவர் கேட்பது சரிதான். 100 யூனிட்டுக்குள் அடங்கும் சிறிய வீட்டில் பல்பின் திறன் பில்லைத் தொடாது. ஆனால் அந்த வீட்டுக்கு மிச்சமே பல்பின் ஆயுளில்தான் இருக்கிறது. கரண்டில் எதுவும் மிஞ்சாத இடத்தில் அடிக்கடி பல்பு வாங்குவது சுத்த நஷ்டம். கையில் நாற்பதுதான் இருக்கிறது, நூறு இல்லை என்பது உண்மையான தடை. அதைச் சிக்கனம் என்று மட்டும் அழைக்க வேண்டாம்.

பில்லிலேயே வராத இழப்புகளும் உண்டு. மட்டமான பல்பில் சிவப்பு செத்துப்போகும். குங்குமமும் தக்காளியும் பழுப்படிக்கும். கெபாசிட்டரையே மிச்சம் பிடித்த பல்பு நொடிக்கு 100 தடவை துடிக்கும். செல்போன் கேமராவை அதன் பக்கம் திருப்பினால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்க்கலாம். அதன் கீழே மணிக்கணக்கில் படிக்கிறவரின் தலைவலிக்குக் கண்ணாடிக் கடை மருந்தாகாது.

அப்படியானால் விலை உயர்ந்ததையே வாங்கச் சொல்கிறேனா? இல்லை. விலை இரண்டு பக்கமும் பொய் சொல்லும். பெட்டியைப் புரட்டினால் நான்கு விவரம் கிடைக்க வேண்டும்: லூமன் (அதை வாட்டால் வகுத்தால் 100-ஐ ஒட்டி வர வேண்டும்), ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண், 2018 முதல் கட்டாயமாகிவிட்ட நட்சத்திர முத்திரை, உத்தரவாத ஆண்டு. இவை இருந்து விலை அறுபது என்றால் அறுபதுக்கே வாங்கலாம். கடைக்காரர் ஹோல்டரில் மாட்டி “எரியுது பாருங்க” என்று காட்டுவது அன்றைக்கு எரிகிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. நாளுக்குக் கால் மணி நேரம் எரிகிற பரண், ஸ்டோர் ரூம் போன்ற இடங்களில் திறன் குறைந்த பல்பு மாட்டுவதில் தவறில்லை. ஆண்டுக்கு 90 மணி நேரம் எரிவதற்கு நூறு ரூபாய் பல்பு வீண்தான். அங்கேயும் ஆர் எண் இல்லாததை மாட்ட வேண்டாம், ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் குளியலறையில் நிச்சயமாக வேண்டாம்.