ட்ரோன் செய்யும் மகனைத் தடுக்காதீர்கள். பாட்டரியைக் கூரையடியில் வைக்காதீர்கள்

உழவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இன்று சிறு ட்ரோன்களைத் தாமே செய்து பறக்கவிடுகின்றனர். ட்ரோனிலுள்ள காமிரா காட்டும் காட்சியை, கண்களை மூடி அணியும் கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டும் இவ்வகைக்கு எப்.பி.வி. ட்ரோன் என்று பெயர். "காசைக் கரியாக்கும் விளையாட்டு" எனப் பெற்றோர் குறைபட்டுக்கொள்கின்றனர். என் கருத்து வேறு. தடுக்க வேண்டியது கைவேலையை அன்று. அதன் பாட்டரியைக் கூரையடியிலும் வைக்கோல் போர் அருகிலும் வைத்துச் சார்ஜ் செய்யும் பழக்கத்தையே.

நான்கு மோட்டார்களையும், அவற்றின் வேகத்தை ஆளும் பலகையையும், ரிசீவரையும் சட்டத்தில் பொருத்தி, ஒவ்வொரு ஒயராகப் பற்றவைக்கும் இளைஞன் வீணாகப் பொழுது போக்கவில்லை. மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோனும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. வாடகைக்கு வந்த ட்ரோன் வயல் நடுவே பழுதாகி நின்றால், ஊரில் விவரம் தெரிந்த ஆள் இருப்பது எவ்வளவு உதவி!

பாட்டரியின் குணம்

சென்ற கோடையில் ஒரு சிற்றூரில், கயிற்றுக் கட்டிலின் மேல் இந்தப் பாட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கக் கண்டேன். மேலே கீற்றுக் கூரை. பக்கத்தில் விதை நெல் மூட்டைகள். பையனோ கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அன்று ஒன்றும் நேரவில்லை. ஆனால் நேர்ந்திருந்தால், வீட்டோடு விதையும் போயிருக்கும்.

இதை டிராக்டர் பாட்டரி போல எண்ணிவிடக் கூடாது. ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளேயே சூடேறித் தீப்பற்றுவதை நாம் அறிவோம். லித்தியம் பாலிமர் பாட்டரியும் அப்படித்தான். அடிபட்டாலோ, அளவு மீறிச் சார்ஜ் ஏறினாலோ, உட்சூடு மேலும் சூட்டைக் கிளப்பித் தீ பீறிடும். இதற்குக் கெட்டியான கூடும் கிடையாது, மெல்லிய உறைதான்.

ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். அதைத் தாண்டக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடக் கூடாது, 3.5 வோல்ட் வந்ததும் தரையிறக்குவது நலம். சில நாள் பறக்கவிடப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும்.

சார்ஜ் செய்யும் முறை

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து சமமாக ஏற்றும், இதற்கென்றே உள்ள சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். டிராக்டர் பாட்டரி சார்ஜர் உதவாது. 1,500 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 1.5 ஆம்பியர் போதும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். பறந்து வந்த சூடு ஆறிய பிறகே சார்ஜில் போட வேண்டும். அருகில் ஆள் இல்லாமலும், இரவில் தூங்கும்போதும் கூடவே கூடாது.

இடத்திற்குச் செலவு அதிகமில்லை. வீட்டையும் போரையும் விட்டு விலகி, நிழலான வெட்டவெளியில், பழைய செங்கற்களால் சிறு தொட்டி கட்டி அடியில் மணல் பரப்பினால் போதும். இறுக மூடும் டப்பாவில் வைக்கக் கூடாது. புகை வெளியேற வழியின்றி வெடிக்கும். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் இருக்கட்டும். தீப்பற்றினால் முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, காற்று வரும் திசையில் நின்று மணலைக் கொட்டுங்கள். மணல் தீ பரவாமல் தடுக்கும். உள்ளே எரிவது உடனே அடங்காது. புகை நச்சுத்தன்மை உடையது, சுவாசிக்கக் கூடாது.

உப்பிய, நசுங்கிய பாட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது. ட்ரோன் விழுந்தால், பாட்டரியைக் கழற்றி வெறுந்தரையில் அரை மணி நேரமாவது வைத்துக் கவனியுங்கள். கெட்டதை எருக்குழியிலோ கிணற்றிலோ போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பறக்கும்போது

வீட்டில் மோட்டாரைச் சோதிக்கும்போது இறக்கைகளைக் கழற்றிவிட வேண்டும். அவை விரலைப் பதம் பார்க்கும். மின்கம்பி, மேயும் மாடு, நடவு ஆட்கள் ஆகியவற்றின் மேல் பறக்கவிடக் கூடாது. கண்ணாடி அணிந்தவனுக்குச் சுற்றுப்புறம் தெரியாது. ஆகையால் வானத்தைப் பார்க்க ஒரு துணையாள் அவசியம்.

2021 ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 2 கிலோ வரை எடையுள்ளதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. 250 கிராமுக்கு மேற்பட்டதைக் கூலிக்கு ஓட்டினால் அது தேவை. தடையற்ற பகுதியிலும் 120 மீட்டர் உயரத்திற்கு மேல் அனுமதியின்றிச் செல்லக் கூடாது. வீட்டில் செய்த ட்ரோனில் பூச்சிமருந்து தெளிக்கும் ஆசையும் வேண்டாம்.

உழவர் பெருமக்களே! மோட்டார் கொட்டகையில் நம் பிள்ளைகள் ஸ்பேனர் பிடிக்கக் கற்றது நாம் பக்கத்தில் நின்றதால்தான். இதற்கும் அவ்வாறே நில்லுங்கள். செங்கல் தொட்டியை நீங்களே கட்டிக் கொடுங்கள். வானத்தைப் பார்க்கும் அந்தத் துணையாளும் நீங்களாகவே இருங்கள்.