அமெரிக்க உழவரும் மாறும் கவனமும்

அரசியலும் வாணிபமும் மக்கள் கலையும் இன்று எதைப் போற்றுகின்றனவோ அதையே நாளையும் போற்றும் என்று எண்ணுவதற்கில்லை. ஐக்கிய அமெரிக்காவில் உழவரின் நிலை மாறி வந்த வகையைப் பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகும்.

1935-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. அவற்றுள் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் கிட்டியிருந்தது. வீடுகள் சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்குக் கம்பி இழுப்பதில் இலாபம் இல்லையென்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கி நின்றன. அவ்வாண்டு மே மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகத்தை ஏற்படுத்தினார். உழவர்கள் ஆளுக்குச் சிறு தொகை செலுத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தனர்; சர்க்கார் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தது. இருபது ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்பது பண்ணைகளுக்கு மேல் விளக்கு எரிந்தது. அன்று அரசியலின் கவனம் சிறு உழவர் மீது இருந்தது.

1970-களில் காற்று திசை மாறிற்று. 1972-இல் சோவியத் நாடு பெருமளவில் தானியம் வாங்கிற்று, விலை ஏறிற்று. அந்நாளைய விவசாய மந்திரி ஏர்ல் பட்ஸ், வேலியோரம் வரை விதையுங்கள், பண்ணையைப் பெருக்குங்கள் என்று ஊக்கினார். ஏறும் நில மதிப்பை நம்பிக் கடன் கொடுத்தவரும் பலர், வாங்கியவரும் பலர். பிறகு வட்டி கடுமையாக உயர்ந்தது. 1980 ஜனவரியில் ஜனாதிபதி கார்ட்டர் சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்பதற்குத் தடை விதித்தார். ஐயோவா மாநிலத்தில் 1981-க்கும் 1986-க்கும் இடையே விளைநிலத்தின் மதிப்பு நூற்றுக்கு அறுபதுக்கு மேல் சரிந்தது. கடனுக்கு ஈடாக நின்ற நிலமே ஈடற்றதாயிற்று. தலைமுறை தலைமுறையாக உழுத பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன.

அப்பொழுது கலையுலகம் திரும்பிப் பார்த்தது. நிலத்தைக் காக்கப் போராடும் குடும்பங்களைப் பற்றி 1984-இல் மூன்று திரைப்படங்கள் வெளிவந்தன. மூன்றின் கதாநாயகிகளும் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டனர். ஸாலி பீல்ட் அதனைப் பெற்றார். 1985 செப்டம்பரில் வில்லி நெல்சன் முதலிய பாடகர்கள் இல்லினாய் மாநிலத்தில் 'பார்ம் எய்ட்' என்னும் உதவிக் கச்சேரி நடத்தினர். அவ்வியக்கம் இன்றும் நடைபெறுகிறது. அதை நாம் குறைத்துக் கூறோம். ஆயினும் கச்சேரியால் துயரைத் தணிக்க இயலுமேயன்றி, கடன் முறையைத் திருத்த இயலாது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டின் பண்ணைகள் சுமார் 19 லட்சமே.

கூட்டுறவு என்ற பெயர் ஒன்றே காப்பாற்றிவிடும் என்று கூறவும் நாம் துணியோம். அமெரிக்க விவசாயக் கடன் அமைப்பு, கடன் பெறும் உழவர்களுக்கே உரிமையான கூட்டுறவு அமைப்பாகும். நில மதிப்பு ஏறிய காலத்தில் அதுவும் மற்றவரைப் போலவே தாராளமாகக் கடன் வழங்கிப் பெருநஷ்டம் அடைந்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உதவியால்தான் அது மீண்டது. உடைமை அங்கத்தினருடையதாக இருந்தும், உரிய நேரத்தில் விழிப்பு இல்லாமற்போயிற்று.

மின்சாரச் சங்கங்களின் வரலாறு வேறு. 1972 இறுதியில் நிக்ஸன் அரசாங்கம் நூற்றுக்கு இரண்டு வட்டிக் கடனை நிறுத்தியபொழுது, அச்சங்கத்தார் வாளாவிருக்கவில்லை. காங்கிரஸ் சபையை அணுகி வாதாடினர். மறு ஆண்டே கடனுதவிக்கு வேறு வழி சட்டமாயிற்று. 1994-இல் அந்த நிர்வாகமே கலைக்கப்பட்டு, அதன் பணி வேறொரு துறைக்கு மாறிற்று. சங்கங்களோ சுமார் 900 இன்றும் உள்ளன.

சர்க்காரின் கடனுதவியையும் கலைஞரின் பரிவையும் வரும்பொழுது நன்றியுடன் ஏற்போம். அவை என்றும் நிலைக்கும் என்று நம்பிக் கணக்கு எழுதலாகாது. ஆண்டு மகாசபைக்கு வந்து, வரவு செலவைப் படித்து, யாருக்கு எந்த ஈட்டின் பேரில் கடன் கொடுக்கப்பட்டது என்று வினவும் அங்கத்தினரே சங்கத்தின் மெய்யான மூலதனம். விலை நன்றாக இருக்கும் ஆண்டில்தான் அக்கேள்வி மிகவும் தேவை.