வன்னி வீட்டுக்கு எந்த மின்குமிழ்?

ஸ்மார்ட் மின்குமிழ் வாங்கப் போனால், மின்சாரம் போய் வந்தபின் அது என்ன செய்யும் என்று முதலில் கேளுங்கள். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டைக் கண்ட நாடு இலங்கை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நள்ளிரவில் மின்சாரம் திரும்பியதும், பழைய நிலையை நினைவில் வைக்காத குமிழ் முழு வெளிச்சத்தோடு எரியத் தொடங்கும். சுவர் ஆளியை யாராவது அணைத்துவிட்டாலோ, கைபேசி சொன்னாலும் அது எரியாது.

ஸ்மார்ட் குமிழால் மின்கட்டணம் குறையும் என்பார்கள். குறைப்பது எல்ஈடி, பழைய 60 வாட் குமிழின் வெளிச்சத்தைச் சாதாரண 9 வாட் எல்ஈடியே தரும். இருட்டில் எழும்பும் முதியவருக்கு உதவுமே என்றால், அது நியாயம்தான். அதற்கு இணையம் வேண்டாத, ஆளசைவு கண்டு எரியும் குமிழே போதும். உள்ளறைக்கு உத்தரவாத அட்டையுள்ள எல்ஈடி, படலைக்கும் கிணற்றடிக்கும் அசைவறியும் விளக்கு, மின்வெட்டுக்குச் சார்ஜ் விளக்கு. முதலில் இவற்றை வாங்குங்கள்.