அறுநூறு ரூபாய் பத்தாயிரம் ஆன கதை



நீளமாக எழுதப்போகிறேன். வகுப்பில் மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் இழுப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அவசரம் உள்ளவர்கள் ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் நம் ஜீப்பின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போனேன். 2021-ல் இதே வேலைக்கு 600 ரூபாய் கட்டினேன். இந்த முறை 10,000 ரூபாய். தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று இரண்டு தரம் கேட்டேன். தவறு இல்லை. 15 வயது தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டியதற்கு அதை 10,000 ஆக்கினார்கள். அதே தாள், அதே முத்திரை, அதே வரிசை. ஓய்வூதியக்காரன் என்பதற்காக அழவில்லை. கட்டிவிடுவேன். எதற்காகக் கட்டுகிறேன் என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லாததுதான் என்னை எழுத வைத்தது.

அந்த ஜீப்பை உங்களில் பாதிப் பேர் தள்ளியிருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது 1967-ல் செய்த மகிந்திரா சி.ஜே. 3பி. ராணுவத்தில் ஓடியது. என் அப்பா இ.எம்.இ. பிரிவில் ஹவில்தாராக இருந்து, ஊர் திரும்பிய பிறகு, 1985-ல் ஒரு டிஸ்போசல் ஏலத்தில் தன் கூட்டாளிகள் இருவரோடு போய் எடுத்தார். ஏலத்தில் எடுத்ததை ஓட்டிக்கொண்டு வர முடியாது. லாரியில் ஏற்றி வந்து, எட்டு மாதம் வீட்டு முற்றத்தில் வைத்துப் பிரித்து மாட்டினார். அம்மா அந்த எட்டு மாதமும் வாசலில் கோலம் போடவில்லை, ஆயில் கறைமேல் என்னத்தைப் போடுவது என்று. 1986 மார்ச்சில் ஆர்.டி.ஓ. பதிவு ஆனது. அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

"டிஸ்போசல் ஜீப்" என்ற சொல்லே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நம் தேனிப் பக்கத்தில் போடிமெட்டும் குமுளியும் ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோன ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாடு முழுக்க இந்தக் கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன வில்லிஸ் ஜீப்புகள்தான் ஆரம்பம். பிலிப்பைன்ஸ்காரர்கள் அவற்றை நீட்டி ஜீப்னி ஆக்கி ஊர்ப் பேருந்தாக ஓட்டினார்கள். நம் நாட்டில் ஹரியானாவின் மண்டி டப்வாலியில் ராணுவக் கழிவு வண்டியைப் பிரித்துக் கட்டுவது ஊர்த்தொழிலாகவே ஆகிவிட்டது. மெட்ராஸ் புதுப்பேட்டையில் கிடைக்காத ஜீப் சாமான் கிடையாது என்று ஒரு காலம் இருந்தது.

ராணுவம் சும்மாவா ஜீப்பை நம்பியது? 1965 செப்டம்பரில் அசல் உத்தரில் அப்துல் ஹமீது பாட்டன் டாங்கிகளை அடித்தது ஜீப்பின் மேல் ஏற்றிய பீரங்கியால்தான். இறந்த பிறகு அவருக்குப் பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். டாங்கிகளுக்கு அகமத்நகரில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜீப்புக்கும், ஜோங்காவுக்கும், சக்திமான் லாரிக்கும் அருங்காட்சியகம் எது என்று கேட்டால், என்னைப் போன்ற கிறுக்கர்களின் மாட்டுக்கொட்டகைதான். ஜோங்கா என்ற பெயர் இந்தி இல்லை, பஞ்சாபி இல்லை. ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி என்பதன் முதலெழுத்துகள். நிசானின் நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். சத்தம் சிங்கம், குடி யானை. 1999-ல் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு ஜோங்கா ஓட வேண்டுமானால் இன்னொரு ஜோங்கா சாக வேண்டும். புதுச் சாமான் வராது, கழித்த வண்டியின் சாமான்தான். இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நாடி இதுதான்: ஏலத்தில் வண்டி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இப்போது அது ஏன் நின்றுபோகிறது? பணம் இல்லை என்பார்கள். சரி, அந்தக் கணக்கையே பார்ப்போம்.

2018 மார்ச்சில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு முன்பாக அப்போதைய ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த் சொன்னது பத்திரிகையிலேயே வந்தது. ராணுவத்தின் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை. நவீனமாக்க ஒதுக்கியது 21,338 கோடி. ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுக் கொடுக்க வேண்டிய பாக்கியோ 29,033 கோடி. வீட்டுக்குச் சம்பளம் வரும் முன்பே மளிகைக்கடைக் கடன் சம்பளத்தைத் தாண்டிய கதை. அப்படியிருக்கும் வீட்டில் யார் பழைய வண்டியை விற்பார்கள்? ஒட்டுப்போட்டு ஓட்டுவார்கள். மாருதி ஜிப்சியைப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திய பிறகும் ராணுவத்துக்காகச் செய்துகொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு காலம் இழுத்து, எலும்பும் தோலுமாக வெளியே தள்ளும்போது அதில் நமக்கு என்ன மிஞ்சும்? சேஸிஸ் நம்பர் மிஞ்சும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மாணவர்களில் எட்டுப் பேர் இப்போது எல்லையில் இருக்கிறார்கள். ஜவானுக்கு நல்ல வண்டி கொடுக்காமல் எனக்குப் பழைய வண்டி கொடு என்று நான் கேட்கவில்லை. நேர்மாறாகக் கேட்கிறேன். அவனுக்குப் புதியதைக் காலத்தில் கொடு. பழையது தானாகக் காலத்தில் எங்களுக்கு வரும். பட்ஜெட்டில் கைவைத்தால் முதல் அடி அவன் முதுகில், இரண்டாவது அடிதான் என் கொட்டகையில். இரண்டும் ஒரே கயிறு.

ராணுவத்தை விட்டால் இன்னொரு வழி இருந்தது. போலீஸ் ஜீப், வனத்துறை ஜீப், பொதுப்பணித்துறை ஜீப். கழித்ததும் ஏலத்துக்கு வரும். நம் ஊர் மெக்கானிக் பத்தாயிரம் இருபதாயிரத்துக்கு எடுத்துப் பிரிப்பார். அந்த வாசலையும் 2023 ஏப்ரல் 1 முதல் அடைத்துவிட்டார்கள். 15 வயது தாண்டிய அரசு வண்டிக்குப் பதிவு நீட்டிப்பு கிடையாது, பதிவுபெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். நாட்டுப் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உள்ள கவச வண்டி, சிறப்பு வண்டிக்கு மட்டும் விலக்கு. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு வண்டிகள் இதில் அடங்கும் என்று அமைச்சர் கட்கரியே சொன்னார். ஒன்பது லட்சத்தில் ஒரு நூறு வண்டி, ஒவ்வொரு மாதிரிக்கும் நாலைந்து, படிக்கவும் பாதுகாக்கவும் ஒதுக்கிவை என்று அந்த விதியில் ஒரு வரி இல்லை.

இதில் மிச்சம் என்ன, சொல்லுங்கள். ஓடக்கூடிய ஜீப்புக்கு ஏலத்தில் கிடைக்கும் விலை ஒன்று, அதையே இரும்பு எடைக்குப் போட்டால் கிடைப்பது வேறொன்று. எது அதிகம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பணம் இல்லை என்று அழும் கஜானா, அதிக விலைக்குப் போகும் பொருளை எடைக்குப் போடுவதற்குப் பெயர் சிக்கனமா?

இதில் அமெரிக்காவும் நமக்கு அண்ணன்தான். அங்கே ஹம்வீ வண்டிகளைப் பல காலம் பொதுமக்களுக்கு விற்காமல் வெட்டித்தான் போட்டார்கள். 2013 மார்ச்சில் தானியங்கி நிதி வெட்டு அமலாகி ராணுவச் செலவில் கத்தி விழுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் முதல் பொது ஏலம் நடந்தது. ரோட்டில் ஓட்டக்கூடாது, தோட்டத்துக்குள் ஓட்டிக்கொள் என்ற நிபந்தனையோடு விற்றார்கள். முழு மனதில்லைதான். ஆனாலும் வெட்டுவதைவிட விற்பது மேல் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்தது. நாம் அந்தத் திசையில் இருந்தவர்கள், திரும்பி நடக்கிறோம்.

இனி விண்டேஜ் விதிக்கு வருகிறேன். "சார், உங்கள் ஜீப்புக்கு 59 வயது, விண்டேஜாகப் பதியுங்களேன்" என்று சென்னையிலிருந்து ஒரு தம்பி அக்கறையோடு போன் செய்தான். 2021 ஜூலையில் வந்த மத்திய விதி அது. 50 வயது தாண்டினால் தனி வரிசை எண், புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000. நானும் ஆசையாகப் படித்தேன். வயதை எதிலிருந்து எண்ணுகிறார்கள் தெரியுமா? செய்த ஆண்டிலிருந்து இல்லை. முதல் விற்பனைக்குப் பிறகு நடந்த முதல் பதிவிலிருந்து. ராணுவத்தில் ஓடிய வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவு ஏது? என் ஆர்.சி.யில் முதல் பதிவு 1986 மார்ச். அலுவலகத்தில் அந்தத் தேதியைத்தான் பார்த்தார்கள். தகட்டில் 1967 என்று அடித்திருப்பதைக் காட்டினேன். "அது தகடு சார், இது கம்ப்யூட்டர்" என்றார் அந்தத் தம்பி. ஆக, கட்டணம் வாங்கும்போது என் ஜீப் கிழம். மரியாதை கேட்கும்போது அது 40 வயது இளைஞன். 2036-ல் வா என்கிறார்கள். நான் இருந்தால் வருகிறேன்.

உண்மையை மறைக்கவில்லை, வேறொரு இடத்திலும் நான் தேறமாட்டேன். விண்டேஜ் என்றால் எஞ்சினோ சேஸிஸோ மாறியிருக்கக்கூடாது. 1994-ல் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சினுக்கு மாற்றியவன் நான். வாத்தியார் சம்பளத்தில் அதுதான் முடிந்தது. நம் பக்கத்து டிஸ்போசல் ஜீப்புகளில் பெரும்பாலும் இதே கதைதான். வசதி உள்ளவன் எஞ்சினை மாற்றாமல் மூடிவைத்தான், அவனுக்கு விண்டேஜ். ஓட்டிப் பிழைத்தவன் மாற்றினான், அவனுக்கு அபராதம்.

கழற்றிய அந்த பெட்ரோல் எஞ்சின் எங்கே போனது என்று என் தொழிற்கல்விப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தெரியும். பள்ளிப் பட்டறைக்குக் கொடுத்தேன். பக்கவாட்டில் அறுத்து, உள்ளே தெரியும்படி ஸ்டாண்டில் நிறுத்தினோம். எஃப் ஹெட் எஞ்சின். இன்லெட் வால்வு தலையில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். ஒரே எஞ்சினில் இரண்டு வகை வால்வு அமைப்பையும் காட்டலாம். எந்தப் படமும் அதற்கு ஈடில்லை. பதினேழு ஆண்டு அதில் பாடம் நடத்தினேன். இன்றைக்குக் கோயம்புத்தூரிலும் துபாயிலும் வொர்க்ஷாப் வைத்திருப்பவர்கள் வால்வு கிளியரன்ஸ் பார்க்கக் கற்றது அதில்தான். நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு ஆள் போடவில்லை. நிதி இல்லையாம். ஆள் இல்லாததால் பட்டறையைப் பூட்டினார்கள். பூட்டிய அறை வேறு எதற்கோ தேவைப்பட்டதால் உள்ளே இருந்ததை எடைக்குப் போட்டார்கள். செய்தி கேட்டுப் போவதற்குள் வண்டி போய்விட்டது. என்ன விலைக்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மருமகன் ஒருவர் குடும்பக் குழுவில் எழுதியிருந்தார்: "மாமா, பழைய வண்டி புகை கக்கும், ஊர் கெடும். நாட்டில் இதைவிடப் பெரிய பிரச்சனை எவ்வளவோ இருக்கிறது." மாப்பிள்ளை, புகைதான் குற்றம் என்றால் புகையை அளக்கட்டும். குழாயில் கருவியை வைத்து அளக்கட்டும், தேறாவிட்டால் நிறுத்தட்டும், நானே சாவியைக் கொடுக்கிறேன். வயதைப் பார்த்துப் பணம் வாங்கினால் புகை குறையுமா? என் ஜீப் மாதத்துக்கு இரண்டு நாள் வெளியே வரும், ஐயனார் கோவில் வரை போகும், திரும்பும். பெரிய பிரச்சனைகள் இருப்பது நிஜம். அவற்றுக்கு இந்தப் பத்தாயிரம் போய்ச் சேருகிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் இருபதாயிரமாகக் கட்டுகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் ஒன்றும் இல்லை. ராணுவ வண்டிக்குச் செய்த ஆண்டை வயதாக எண்ணு. கழிக்கும்போது லாட்டாகக் கட்டிப் பெரிய வியாபாரிக்கு மட்டும் எட்டும்படி விற்காமல், ஒன்றிரண்டையாவது தனித்தனியாக ஏலம் விடு. உடைக்கப்போகும் ஜீப்பில் ஒன்றை ஒவ்வொரு ஐ.டி.ஐ.க்கும் கொடு, பிள்ளைகள் பிரித்து மாட்டட்டும். இதற்கு பட்ஜெட்டில் புதுத் தலைப்பு தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். உங்களில் செயலகத்தில் இருப்பவர்கள் இருவர், வக்கீல் மூவர். பெயர் சொல்லமாட்டேன், நீங்களே தெரிந்துகொள்வீர்கள். மனு எப்படி, யாருக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். கையெழுத்துப் போட நாங்கள் பதினோரு கிழவர்கள் தயாராக இருக்கிறோம், ஆளுக்கொரு ஜீப்போடு.

வெள்ளிக்கிழமை போய்ப் பணம் கட்டுகிறேன். வண்டியைக் காட்ட வேண்டுமாம். பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. ஊரில் இருப்பவர்கள் காலை ஏழு மணிக்கு வந்தால் தள்ள ஆள் இருக்கும். இட்லி உண்டு.