முகவரி மாறலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணினி அறிவியல்)

தாங்கல் என்றால் சிறு ஏரி. ஈக்காட்டுத்தாங்கலில் இன்று மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2015-இல் நிலையம் திறந்தபோதும் ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஊர் எவ்வளவோ மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. அதனால்தான் வழி கேட்டு வருபவர் வந்து சேர்கிறார். வலைத்தள முகவரிக்கும் இந்த நியதி வேண்டும் என்பதே என் கருத்து.

ஜாவாவில் வலைத்தளம் அமைப்போர் சர்வ்லெட் என்னும் நிரலை எழுதுகிறார்கள். எந்த முகவரி எந்தச் சர்வ்லெட்டுக்குப் போகும் என்று 'வெப்.எக்ஸ்எம்எல்' கோப்பில் குறிப்பதே மேப்பிங். 2009-இல் சர்வ்லெட் 3.0 வந்தபின் நிரலிலேயே ஒரு வரியில் குறிக்கவும் வழி பிறந்தது. டாம்கேட் போன்ற சர்வர், முதலில் முழுதும் பொருந்தும் முகவரியைத் தேடும், அடுத்து '/தேர்வு/*' போன்றவற்றுள் மிக நீளமாகப் பொருந்துவதை, பிறகு '*.ஜேஎஸ்பி' போன்ற பின்னொட்டை. எதுவும் இல்லையேல் பொதுவான '/'.

செய்முறைத் தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்கிறோம். இந்த ஏற்பாடு எதற்கு என்று எண்ணிப் பார்த்தோமா? உள்ளே எது மாறினாலும் வாசலில் உள்ள பெயர் மாறாதிருக்கவே! 2020-இல் ஜகார்த்தா இஇ 9 வந்தபோது, 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்கள் 'ஜகார்த்தா' ஆயின. நிரல்களைத் திருத்த வேண்டியிருந்தது. முகவரிகளைத் திருத்த வேண்டிய தேவை இல்லை. நல்ல முகவரி மாறாது என்று வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ் லீ 1998-லேயே எழுதினார்.

ஆனால் நடப்பது என்ன? தளத்தைப் புதுப்பிக்கும்போது முகவரியையும் மாற்றிவிடுகிறார்கள். அறிவிப்புப் பலகையில் கண்ட உதவித்தொகை முகவரியைக் குறித்துக்கொண்டு போய், கணினி மையத்தில் பணம் கொடுத்து, '404' என்ற எண்ணை மட்டும் பார்த்துத் திரும்பிய மாணவர்களை நான் அறிவேன். என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்களைப் போன்றோர் வீட்டில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. கையிலுள்ள முகவரியே துணை.

புதிய முகவரி தேவையே என்றால்? ஒரே சர்வ்லெட்டுக்கு இரண்டு முகவரிகள் தரலாமே! சென்னை வீட்டு வாசல்களில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கின்றன அல்லவா? கூடுதலாக ஒரு வரி எழுதினால் போதும்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் நிரல் எழுதப் போகிறோம். மேப்பிங் எழுதும் அந்த ஒரு வரியில், முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் வாக்குக் கொடுக்கிறோம். கொடுத்த வாக்கைக் காப்போம்!